தோமா வந்தது எந்த இந்தியாவுக்கு?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் ஆர்.சி.யும் உண்டு, சி.எஸ்.ஐ.யும் உண்டு, பெந்தெகொஸ்தேவும் உண்டு. டீ நேரத்தில் பேச்சு பரங்கிமலைக்குப் போனால், "தோமையார் அங்கேதான் உயிர்விட்டார்" என்பார் ஒருத்தர். "பைபிள்ல இருக்கா?" என்பார் இன்னொருத்தர். இந்தச் சண்டைக்கு நூறு வருஷத்துக்கு மேல் வயசு.

பைபிளில் இல்லைதான். பழைய ஆதாரம் 'தோமாவின் நடபடிகள்' என்ற சிரியாக் நூல். 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எதேசாவில் எழுதப்பட்டது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. தோமா ஒரு வியாபாரியிடம் அடிமையாக விற்கப்படுகிறார். குந்தபோர் என்ற அரசனுக்கு அரண்மனை கட்டத் தந்த பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறார். கடைசியில் மஸ்தாய் என்ற வேறொரு அரசனின் நாட்டில் ஈட்டியால் குத்தப்பட்டுச் சாகிறார். நடுவில் பாம்பும் கழுதையும் பேசுகின்றன. மயிலாப்பூர் என்ற பெயரே அதில் வராது.

இதை வெறும் கதை என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் 1830-களில் சார்லஸ் மேசன் ஆப்கானிஸ்தானில் திரட்டிய பழைய நாணயங்களில் கோண்டோபாரஸ் என்ற அரசன் பெயர் கிடைத்தது. பெஷாவர் பக்கத்து தக்த்-இ-பாஹி கல்வெட்டிலும் அதே பெயர். காலமும் 1-ஆம் நூற்றாண்டு. கதையில் வரும் அரசன் நிஜமாகவே இருந்திருக்கிறான்!

இங்கேதான் இரண்டு கட்சியும் பிரிகிறது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பணியாற்றிய ஸ்காட்லாந்து புராட்டஸ்டன்ட் ஜார்ஜ் மில்ன் ரே 1892-ல் எழுதினார்: அரசன் வடமேற்கில் என்றால் தோமாவின் 'இந்தியா'வும் அங்கேதான், பிறகு வந்த சிரியக் கிறிஸ்தவர்களோடு அந்த மரபு தெற்கே இடம்பெயர்ந்தது. தோமாவுக்குப் பார்த்தியா ஒதுக்கப்பட்டது என்று 4-ஆம் நூற்றாண்டில் யூசேபியுஸ் எழுதியதும் இந்தக் கட்சிக்குப் பலம்.

திருச்சூரில் கத்தோலிக்க ஆயராக இருந்த மெட்லிகாட் 1905-ல் பதில் நூல் போட்டார். எப்ரேம், ஜெரோம், அம்புரோஸ் போன்ற திருச்சபைத் தந்தையர் தோமாவையும் இந்தியாவையும் சேர்த்தே சொல்கிறார்கள். 6-ஆம் நூற்றாண்டில் தூர் நகரத்து கிரகோரி, தோமாவின் உடல் முதலில் கிடந்த இடத்தில் ஒரு கோயில் இருந்ததையும் குறிப்பிடுகிறார். இத்தனை பேர் சும்மாவா சொல்வார்கள் என்பது அவர் வாதம்.

வேடிக்கை என்னன்னா, பாப்பரசர் கெலாசியுஸ் பெயரில் வழங்கும் பழைய பட்டியல் 'தோமாவின் நடபடிகளை' விலக்க வேண்டிய நூல்களில்தான் வைத்திருக்கிறது. அதில் உண்மைக் கரு இருக்கிறது என்று வாதாடியவர் கத்தோலிக்க ஆயர். "வேதம் மட்டுமே" என்ற மரபில் வந்தவருக்கோ வேதத்துக்கு வெளியே உள்ள எழுத்து தேவைப்பட்டது. அப்புறம் 1926, 1927-ல் ஜே. என். பர்குகர் என்ற புராட்டஸ்டன்டே, தோமா முதலில் வடக்கே, பிறகு தெற்கே வந்திருக்கலாம் என்று எழுதி மெட்லிகாட் பக்கம் சாய்ந்துவிட்டார்.

என் கணக்கு இதுதான். நாணயம் அரசனுக்குச் சாட்சி சொல்கிறது, தோமாவுக்குச் சொல்லவில்லை. கிரகோரியும் கோயில் எந்த ஊரில் என்று சொல்லவில்லை. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ இந்தக் கடற்கரையில் தோமாவின் கல்லறையைப் பற்றி எழுதுகிறார். ஆக, போர்த்துகீசியர் வருவதற்கு முன்பே இங்கே அந்த நம்பிக்கை இருந்தது. அவர்கள் இட்டுக்கட்டிய கதை என்று இதைத் தள்ள முடியாது. ஆனால் 1-ஆம் நூற்றாண்டிலோ அதை ஒட்டிய காலத்திலோ மயிலாப்பூரைப் பெயர் சொல்லிக் காட்டும் எழுத்து எதையும் இரண்டு கட்சியும் மேஜையில் வைக்கவில்லை. "பைபிள்ல இருக்கா?" என்பதை விட, "எந்த நூல், எந்த வருஷம், அதில் இந்தியா என்றால் எது?" என்று கேட்டுப் பாருங்கள். டீ ஆறிப்போகும், ஆனா பேச்சு உருப்படியா இருக்கும்.