இரைப்பை அமிலமும் ஒரு மருந்தின் பிறப்பும்

நாம் உண்ணும் உணவைச் செரிக்கச் செய்யும் இரைப்பை நீரில் உள்ளது ஹைட்ரோகுளோரிக் அமிலமே என்பதை 1824ஆம் ஆண்டில் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் பிரௌட் வெளியிட்டார். உடலுக்குத் துணை செய்யும் இவ்வமிலமே புண்பட்ட இடத்தைத் தீண்டினால் மனிதனை வாட்டி வதைக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வயிற்றுப்புண் கண்டோருக்குக் கிட்டியவை பாலும், பத்தியமும், அமிலத்தை முறிக்கும் பொடிகளுமே. அவற்றிற்கு நோய் அடங்காவிடில், இரைப்பையின் ஒரு பகுதியை அறுத்தெடுப்பர். அன்றி, அதற்குச் செல்லும் நரம்பைத் துண்டிப்பர். ஊறிய அமிலத்தை முறிப்பதினும் ஊறாமலே தடுத்தல் இயலாதா என்பதே அறிஞர்முன் நின்ற வினா.

ஹிஸ்டமின் என்னும் உடற்பொருளைச் செலுத்தினால் நாயின் இரைப்பை அமிலத்தைச் சொரிகிறது என்பதைப் போலந்து அறிஞர் போபியெல்ஸ்கி 1916இல் கண்டார். பின்னர் ஹிஸ்டமினை எதிர்க்கும் மருந்துகள் தோன்றின. அவை தும்மலையும் தடிப்பையும் அடக்கின. அமிலச் சுரப்பை அடக்கவில்லை. எனவே, ஹிஸ்டமின் என்னும் சாவிக்கு உடலில் இருவகைப் பூட்டுகள் இருத்தல் வேண்டும் என்று ஸ்காட்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் பிளாக் கருதினார். 1964இல் அவர் இங்கிலாந்தின் வெல்வின் கார்டன் நகரிலிருந்த ஸ்மித் கிளைன் அண்டு பிரெஞ்சு ஆய்வுக்கூடத்தை அடைந்து, இரண்டாவது பூட்டை அடைக்கும் பொருளைத் தேடலானார்.

அவர் கையாண்ட முறை குருட்டுத் தேடலன்று. ஹிஸ்டமினின் உருவையே முதலாகக் கொண்டு, அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதே அம்முறை. மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள நாம் இதனை எளிதில் உணர்வோம். ஓரெழுத்து மாறினும் பொருள் மாறிவிடுகிறதன்றோ? நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ 200 பொருள்களை உருவாக்கியும் பயன் கிட்டவில்லை. இறுதியில், முன்னர்ச் சோதித்து ஒதுக்கிய குவானில்ஹிஸ்டமினை மீண்டும் நுட்பமாக ஆராய்ந்தபோது, அது சுரப்பைத் தூண்டுவதோடு சிறிதளவு தடுக்கவும் செய்வது புலனாயிற்று. ராபின் கனெல்லின் முதலிய இரசாயன அறிஞர்கள் அதன் பக்கச் சங்கிலியை நீட்டித் திருத்தினர். 1972இல் பியூரிமமைடு வெளிப்பட்டது. இரண்டாவது பூட்டு உண்டென்பது மெய்யாயிற்று. ஆயினும் அம்மருந்து வாய்வழி உட்கொள்ளப் போதிய வலிமை பெறவில்லை.

அடுத்து வந்த மெட்டியமைடு புண்ணை ஆற்றியது. ஆனால், நோயாளிகளுள் சிலருக்கு இரத்தத்தின் வெள்ளணுக்களைக் குறைத்தது. புண்ணை ஆற்ற வந்த மருந்து குருதியைக் கெடுத்தல் தகுமோ? ஆய்வாளர் அதனைக் கைவிட்டனர். அதிலிருந்த தயோயூரியாத் தொகுதியே ஐயத்திற்கு இடமாயிற்று. அதற்கு மாற்றாகச் சயனோகுவானிடின் தொகுதியை அமைத்த பொருளே சிமெடிடின். 1976இல் அது பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. அறுவைக்கு ஆளாக வேண்டிய பலர் மாத்திரையாலேயே நலமுற்றனர். 1988இல் பிளாக் நோபல் பரிசை இருவருடன் பகிர்ந்து பெற்றார். அவ்வாண்டே, அமிலத்தை வெளியேற்றும் இறுதி வாயிலையே அடைக்கும் ஒமெப்ரசோல் சுவீடனில் வெளிவந்தது.

எனினும் ஒரு குறை எஞ்சியது. மருந்தை நிறுத்தியதும் பலருக்குப் புண் மீண்டும் தோன்றிற்று. 1982இல் ஆஸ்திரேலிய மருத்துவர்களான வாரனும் மார்ஷலும் இரைப்பையில் வாழும் ஒரு கிருமியை வளர்த்துக் காட்டினர். பெரும்பாலான புண்களுக்கு வேர் அதுவே எனப் பின்னர்த் தெளிவாயிற்று. இன்று கிருமியை ஒழிக்கும் மருந்தும் அமிலத்தை அடக்கும் மருந்தும் ஒருங்கே தரப்படுகின்றன. பிளாக்கின் உழைப்பு வீணாகவில்லை. புண் ஆறுதற்கு வேண்டிய அமைதியை இரைப்பைக்கு அளிக்கும் வழியை அதுவே முதலில் திறந்தது.