மருந்தகக் கவுண்டரில் கண்ணியம்: ஆஸ்திரேலியா கற்ற பாடங்கள்

மருத்துவர் சரியான மருந்தைத்தான் எழுதுகிறார். மருந்தகத்தில் அது சரியாக வழங்கப்பட்டு, லேபிளும் சரியாக ஒட்டப்படுகிறது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் சர்க்கரை குறையவில்லை. மருந்துப் பெட்டியில் பாதி அப்படியே இருக்கிறது. 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று கோப்பில் எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவதுதான் வழக்கம். அந்த நோயாளி கவுண்டரில் எப்படி நடத்தப்பட்டார், எதைக் கேட்கக் கூச்சப்பட்டார், எதற்கு அஞ்சினார் என்று யாரும் விசாரிப்பதில்லை.

அதை விசாரிக்கத் தொடங்கியவர்கள் நியூஸிலாந்தின் மவோரி செவிலியர்கள். 1988ல் கிறைஸ்ட்சர்ச் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் மவோரி மாணவி ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். சட்டப் பாதுகாப்பு, சிகிச்சைப் பாதுகாப்பு என்றெல்லாம் எங்களுக்குச் சொல்லித் தருகிறீர்கள். பண்பாட்டுப் பாதுகாப்பு என்ன ஆயிற்று என்பதே அந்தக் கேள்வி. இரிஹபெட்டி ராம்ஸ்டன் என்ற மவோரி செவிலியர் அதை ஒரு கோட்பாடாகவே வளர்த்தெடுத்தார். 1992ல் நியூஸிலாந்து செவிலியர் மன்றம் அதைப் பாடத்திட்டத்தில் சேர்த்தது. நாடாளுமன்றக் குழு விசாரிக்கும் அளவுக்கு அதற்கு எதிர்ப்பும் கிளம்பியது.

'பண்பாட்டுப் பாதுகாப்பு' என்ற சொல்லைக் கேட்டதும் பழைய வழக்கங்களைக் காப்பாற்றும் இயக்கம் என்று தோன்றலாம். இங்கே பொருள் வேறு. சிகிச்சைக்கு வருபவர் தன் இனம், மொழி, மார்க்கம், குடும்ப முறை ஆகியவற்றின் காரணமாகச் சிறுமைப்படாமல் திரும்பிப் போவதையே அது குறிக்கிறது. அப்படிப் போனாரா என்பதைத் தீர்மானிப்பவரும் அவர்தான். 'நான் எல்லோரையும் சமமாகத்தான் நடத்துகிறேன்' என்று மருந்தாளுநர் சொல்வது இதில் சான்றாகாது. ராம்ஸ்டன் சொன்னவற்றில் துறையினருக்கு மிகவும் கசந்தது இதுவாகத்தான் இருக்கும்.

ஆஸ்திரேலியா இந்தக் கோட்பாட்டைத் தாமதமாகவே ஏற்றது. மருந்தாளுநர்கள் உட்படப் பல மருத்துவத் துறையினரைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் தேசியச் சட்டத்தில், பூர்வகுடிகளுக்கான பண்பாட்டுப் பாதுகாப்பு 2022ல் சேர்க்கப்பட்டது. அதற்கான தேவை புள்ளிவிவரத்திலேயே தெரிகிறது. 2020-22 காலகட்டத்தில் பிறந்த பூர்வகுடி ஆண்களின் சராசரி ஆயுள் 71.9 ஆண்டுகள், பெண்களுக்கு 75.6 ஆண்டுகள். மற்ற ஆஸ்திரேலியர்களோடு ஒப்பிட்டால் ஆண்களுக்கு 8.8 ஆண்டுகளும் பெண்களுக்கு 8.1 ஆண்டுகளும் குறைவு. நீரிழிவு, இதய நோய், சிறுநீரக நோய் ஆகியவை இந்த இடைவெளிக்கு முக்கியக் காரணங்கள். இவை தினமும் மருந்து சாப்பிட வேண்டிய நோய்கள். ஆகவே மருந்தகம் ஓரமான விஷயம் அல்ல.

நம் வாசகர்களுக்கு இன்னொரு தகவலும் இருக்கிறது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்களைப் பூர்வகுடியினர் என்று பதிவு செய்தவர்கள் 8,12,728 பேர். அதே கணக்கெடுப்பில் இஸ்லாத்தைத் தங்கள் மார்க்கமாகக் குறிப்பிட்டவர்கள் 8,13,392 பேர். இரண்டுமே மக்கள்தொகையில் 3.2 சதவீதம். இரு சமூகங்களின் வரலாறும் துயரமும் வேறு வேறு, அவற்றை ஒன்றாக்குவது சரியல்ல. ஆனால் கவுண்டரின் மறுபக்கம் இருப்பவர் தன்னைப் புரிந்துகொள்வாரா என்ற தயக்கம் இருவருக்கும் பொதுவானது.

பெயரில் தொடங்கும் சிக்கல்

மருந்தகத்தில் நடக்கும் முதல் காரியம் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது. மத்திய ஆஸ்திரேலியாவின் பல பூர்வகுடிச் சமூகங்களில் இறந்தவரின் பெயரைக் கொஞ்ச காலம் உச்சரிக்க மாட்டார்கள். அதே பெயர் கொண்டவர் உயிரோடு இருந்தால் அவரையும் அந்தப் பெயரால் அழைப்பதில்லை. 'குமன்ஜாயி' என்ற பொதுப் பெயராலேயே அழைப்பார்கள். ஒரு குடும்பம் துக்கத்தில் இருக்கும்போது மருந்தாளுநர் கணினியைப் பார்த்து அந்தப் பெயரை உரக்கக் கூவினால் என்ன ஆகும்? கூப்பிடப்பட்டவர் பதில் சொல்லாமல் வெளியே போய்விடலாம். மருந்து அலமாரியிலேயே கிடக்கும்.

கணினிக்கோ பெயர் ஒன்றுதான், அது மாறவும் கூடாது. ஆஸ்திரேலியாவில் ஒவ்வொருவருக்கும் 16 இலக்கச் சுகாதார அடையாள எண் உண்டு. பெயர், பிறந்த தேதி, மெடிகேர் எண் எல்லாம் பொருந்தினால்தான் பதிவு திறக்கும். பூர்வகுடி முதியவர்களில் பலருக்கு பிறந்த தேதியே அதிகாரிகள் தோராயமாக எழுதியதுதான். ஜூலை 1 அல்லது ஜனவரி 1 என்று போட்டுவிட்டார்கள். ஒரு ஆவணத்தில் ஆங்கிலப் பெயர், மற்றொன்றில் குடும்பப் பெயர், மூன்றாவதில் எழுத்துப்பிழை. இதன் விளைவாக ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று பதிவுகள் உருவாகின்றன. ஒவ்வாமை ஒரு பதிவிலும் புதிய மருந்து இன்னொன்றிலும் இருந்தால் அது உயிருக்கே ஆபத்து.

இது நமக்குப் புதிய கதை அல்ல. முஹம்மது, முகமது, மொஹமட் என்று பாஸ்போர்ட்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று என்று அலையாத குடும்பம் நம்மில் குறைவு. தகப்பனார் பெயர் எங்கே முடிகிறது, சொந்தப் பெயர் எங்கே தொடங்குகிறது என்பது வெளிநாட்டுக் கணினிக்குப் புரிவதே இல்லை. இந்தியாவிலும் இப்போது ஆபா என்ற 14 இலக்கச் சுகாதார எண் வந்துவிட்டதால், இந்தத் தலைவலி இங்கேயும் காத்திருக்கிறது.

'ஆம்' என்ற பதில்

"மருந்தை எப்படிச் சாப்பிடுவது என்று புரிந்ததா?" என்ற கேள்விக்கு "ஆம்" என்று பதில் வரும். மருந்தாளுநர் திருப்தியடைவார். பூர்வகுடி மக்களிடம் அதிகாரத்தில் இருப்பவர் எதைக் கேட்டாலும் ஆமோதித்துவிடும் பழக்கம் இருப்பதை மொழியியலாளர்கள் நீதிமன்ற விசாரணைகளை ஆராய்ந்தே பதிவு செய்திருக்கிறார்கள். உரையாடலைச் சச்சரவில்லாமல் முடிக்கும் வழி அது. புரிந்தது என்பதற்கு அது அடையாளம் இல்லை. ஆகவே ஆம், இல்லை என்று பதில் சொல்லும் கேள்வியைத் தவிர்த்து, "வீட்டில் இதை எப்படிச் சாப்பிடப் போகிறீர்கள், சொல்லுங்கள்" என்று கேட்கப் பழக்குகிறார்கள். அங்கே 'யார்னிங்' என்ற சொல் உண்டு. நம் திண்ணைப் பேச்சு போன்றது. ஊர், உறவு, மழை என்று பேசி, பிறகுதான் மாத்திரைக்கு வருவார்கள். அவசரத்தில் இருக்கும் மருந்தகத்தில் அதற்கு நேரம் எங்கே என்ற கேள்வி நியாயமானதுதான்.

'ஷேம்' என்ற ஆங்கிலச் சொல்லும் பூர்வகுடி ஆங்கிலத்தில் ஆழமான பொருள் கொண்டது. பலர் முன்னால் தனியாகச் சுட்டிக்காட்டப்படும்போது வரும் கூச்சமும் குறுகலும் அதில் அடங்கும். ஆண்கள் விவகாரம், பெண்கள் விவகாரம் என்ற பிரிவும் வலுவானது. பெண் நோய்க்கான மருந்தை ஆண் மருந்தாளுநர் விளக்கத் தொடங்கினால் அந்தப் பெண் தலையைக் குனிந்துகொள்வார். இதை நம் பெண்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

250க்கு மேற்பட்ட மொழிகள் இருந்த நிலம் அது. எல்லாச் சமூகத்துக்கும் ஒரே வழக்கம் கிடையாது. எனவே ஒரு கையேட்டை மனப்பாடம் செய்து 'இவர்கள் இப்படித்தான்' என்று முடிவு செய்வதும் ஒருவகை அவமதிப்பே. அவரையே கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் வழி.

திரை உதவிய இடமும் உறுத்திய இடமும்

டிஜிட்டல் முறை வந்தாலே மனிதத் தொடர்பு போய்விடும் என்று புலம்புவது எளிது. நடந்தது அவ்வளவு எளிதல்ல.

பூர்வகுடியினருக்கு மருந்துக் கட்டணத்தைக் குறைக்கும் திட்டம் 2010 ஜூலையில் வந்தது. பொதுக் கட்டணம் செலுத்துவோர் சலுகைக் கட்டணம் மட்டும் செலுத்தலாம். சலுகை அட்டை உள்ளவர் எதுவும் செலுத்த வேண்டாம். ஆனால் மருத்துவர் ஒவ்வொரு சீட்டிலும் அதற்கான குறியீட்டை எழுத வேண்டும். அவர் மறந்தால், நோயாளி கவுண்டரில் எல்லோர் முன்பும் 'நான் பூர்வகுடி, எனக்குச் சலுகை உண்டு' என்று வாதாட வேண்டும். அதற்குக் கூச்சப்பட்டு மருந்தே வாங்காமல் போகவும் இடமிருந்தது. 2021 ஜூலை 1 முதல் ஒருமுறை தேசியப் பதிவில் சேர்ந்தால் போதும் என்று ஆனது. நாட்டில் எந்த மருந்தகத்துக்குப் போனாலும் கணினியே சலுகையைக் காட்டிவிடும். ஒரு மனிதர் தன் அடையாளத்தை நிரூபிக்க வேண்டிய சங்கடத்தை ஒரு மென்பொருள் மாற்றம் நீக்கியது.

மறுபக்கமும் உண்டு. 2020 முதல் மருந்துச் சீட்டு கியூஆர் கோடாகக் கைப்பேசிக்கே வருகிறது. நகரத்தில் வசதிதான். ஒரே கைப்பேசியை நான்கு பேர் பயன்படுத்தும் வீட்டில், அந்தக் குறுஞ்செய்தியை யார் முதலில் பார்ப்பார்? மருமகனின் பேசியில் மாமியாரின் மருந்து விவரம் வந்து நிற்கும். ப்ரீபெய்டு காசு தீர்ந்து சிம் மாறினால் சீட்டும் தொலைந்தது. இதற்கு மாற்றாக, நோயாளி சம்மதித்தால் அவருடைய எல்லாச் சீட்டுகளையும் மருந்தகமே திறந்து பார்க்கும் பட்டியல் ஒன்று இருக்கிறது. கைப்பேசியே வேண்டாம். இப்படி ஒரு வழி இருப்பதை மருந்தாளுநர்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது பதிவைப் பற்றிய அச்சம். 'மை ஹெல்த் ரெக்கார்ட்' என்ற தேசிய மின்பதிவு, வேண்டாம் என்று சொல்லாத எல்லோருக்கும் உருவாக்கப்பட்டது. விலகுவதற்கான கெடு 2019 ஜனவரி 31ல் முடிந்தபோது 25 லட்சம் பேர் விலகியிருந்தார்கள். பூர்வகுடியினரின் தயக்கத்துக்கு ஆழமான வேர் உண்டு. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து எடுத்துச் சென்ற காலத்தில், அரசு அவர்களைப் பற்றிக் கோப்புகளை வைத்திருந்தது. 'திருடப்பட்ட தலைமுறைகள்' என்று அழைக்கப்படும் அந்தக் கொடுமைக்கு நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டது 2008 பிப்ரவரியில்தான். அந்தப் பாட்டியிடம் போய் 'அரசு உங்கள் விவரங்களைப் பத்திரமாக வைத்திருக்கும்' என்று சொன்னால் அவர் எப்படி நம்புவார்?

சட்டத்தில் பாதுகாப்புகள் இருக்கின்றன. ஆவணங்களை மறைக்கலாம், ரகசிய எண் வைக்கலாம், யார் எப்போது திறந்தார் என்று பார்க்கலாம், முழுப் பதிவையும் நிரந்தரமாக அழிக்கவும் சொல்லலாம். இவற்றைச் சொல்லிய பிறகு வாங்கும் சம்மதமே சம்மதம்.

மருந்தாளுநர் உள்ளே வந்தபோது

1971ல் சிட்னியின் ரெட்ஃபெர்ன் பகுதியில் பூர்வகுடி மக்கள் தாங்களே நடத்தும் முதல் மருத்துவ மையம் தொடங்கியது. இத்தகைய மையங்கள் பின்னர் நாடெங்கும் பரவின. 2018 முதல் 2020 வரை நடந்த ஒரு திட்டத்தில், இந்த மையங்களில் 18ஐத் தேர்ந்தெடுத்து மருந்தாளுநர்களை அங்கேயே பணியமர்த்தினார்கள். மருந்து விற்பது அவர்கள் வேலை அல்ல. நோயாளியோடு உட்கார்ந்து மருந்துகளைச் சரிபார்ப்பது, மருத்துவரோடும் பூர்வகுடிச் சுகாதாரப் பணியாளரோடும் கலந்து பேசுவது, மையத்தின் மின்பதிவில் தன் பரிந்துரையை நேரடியாக எழுதுவது ஆகியவைதான் வேலை.

இந்தக் கடைசி அம்சம் சிறியதாகத் தெரியலாம், ஆனால் முக்கியமானது. மெட்ஃபார்மின் அளவு சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதைப் பொறுத்தது. கடைத்தெரு மருந்தகத்தில் இருப்பவருக்குச் சீட்டு தெரியும், இரத்தப் பரிசோதனை முடிவு பல நேரம் தெரியாது. மையத்துக்குள் இருப்பவருக்கு இரண்டும் ஒரே திரையில் தெரியும். நோயாளிக்கு அறிமுகமான பணியாளரும் பக்கத்திலேயே இருப்பார். திட்டத்தில் பங்கேற்றவர்கள் 1,456 பேர். அவர்களுடைய சர்க்கரை அளவு, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றில் முன்னேற்றம் பதிவானது. புதிய மருந்து எதையும் கண்டுபிடிக்காமலே கிடைத்த பலன் இது.

நோன்பும் ஜெலட்டினும்

இதே அளவுகோலை முஸ்லிம் நோயாளிக்கும் வைத்துப் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவில் பல மாத்திரை சாப்பிடுவோருக்குக் காலை, மதியம், இரவு, படுக்கும் நேரம் என்று நான்கு கட்டங்கள் கொண்ட அட்டையில் மருந்தை அடைத்துத் தருவார்கள். ரமளானில் அந்த அட்டைக்கு அர்த்தமே இல்லை. சஹருக்கு எது, இஃப்தாருக்கு எது என்று நோயாளி தானே பிரித்துக்கொள்வார். கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையையும் இன்சுலினையும் அப்படித் தன்னிஷ்டத்துக்கு மாற்றினால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும். 'நோன்பு வைக்காதீர்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள் என்று பயந்தே பலர் வாய் திறப்பதில்லை. ரமளானுக்கு ஆறு, எட்டு வாரம் முன்பே மருந்தாளுநர் "இந்த ஆண்டு நோன்பு வைக்கும் எண்ணம் உண்டா?" என்று கேட்டு, மருத்துவரோடு பேசி அளவையும் நேரத்தையும் மாற்றித் தந்தால் ஆபத்து பெருமளவு குறையும். வைக்கவே கூடாத நிலையில் இருப்பவருக்கும் அதைப் பொறுமையாகச் சொல்ல அவகாசம் கிடைக்கும்.

ஜெலட்டின் கேப்ஸ்யூல் மாட்டிலிருந்தா பன்றியிலிருந்தா என்பது பெட்டியில் பெரும்பாலும் இருக்காது. இரத்தம் உறையாமல் தடுக்கும் எனாக்ஸாபரின் ஊசி பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுவது. செயற்கையாகத் தயாரிக்கப்படும் ஃபோண்டாபாரினக்ஸ் சிலருக்கு மாற்றாகலாம், எல்லோருக்கும் அல்ல. மாற்றில்லாத நிலையில் நிர்ப்பந்தத்தின் சலுகை பற்றி ஆலிம்கள் சொல்வதை நோயாளி கேட்டுக்கொள்ளட்டும். ஃபத்வா கொடுப்பது மருந்தாளுநரின் வேலை அல்ல. உண்மையை மறைக்காமல் சொல்வதும், மாற்று உண்டா என்று மருத்துவரைக் கேட்பதும்தான் அவர் வேலை. பென்சிலின் ஒவ்வாமையைப் பதிய ஒரு கட்டம் இருப்பதுபோல இந்த விருப்பத்தையும் குறிப்பில் எழுதிவைக்கச் சொன்னால், ஒவ்வொரு முறையும் புதிதாக விளக்க வேண்டியிராது.

ஆஸ்திரேலியாவில் இருக்கும் உறவினர்களுக்கு இரண்டு விஷயங்களைத் தெரிவியுங்கள். கவுண்டரில் பேசக் கூச்சமாக இருந்தால் ஆலோசனைக்குத் தனி இடம் கேட்கலாம், பெண் மருந்தாளுநர் இருந்தால் அவரைக் கேட்கலாம். ஆங்கிலம் தடுமாறும் பெற்றோருக்குப் பேரப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்க வேண்டாம். 131 450 என்ற எண்ணில் அரசின் மொழிபெயர்ப்புச் சேவையில் தமிழ் பேசுவோர் இருக்கிறார்கள். மருந்தகமே அந்த எண்ணுக்குப் பேசி இணைப்பு வாங்கித் தரலாம்.