சோனகர் யார்? – உம்மாவின் குடி

1888இல் பொன்னம்பலம் இராமநாதன் அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைக்கு ஒரு கட்டுரை அளித்தார். இலங்கையின் சோனக முஸ்லிம்கள் இனத்தால் தமிழரே, மார்க்கம்தான் வேறு என்பது அவர் வாதம். பேசும் மொழியையும் கலியாண வழக்கங்களையும் சான்றாகக் காட்டினார். சட்டசபையில் சோனகருக்குத் தனி ஆசனம் வேண்டுமா என்பது அன்றைய கேள்வி. மறுவருடமே ஆசனம் கிடைத்தது, வாதம் ஓயவில்லை. 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் மறுப்பு நூல் எழுதினார். எங்கள் மூதாதையர் அரபிகள் என்றார்.

இருவரும் தேடியது வாப்பா வழியை. ஆனால் கிழக்குக் கரையில் கல்முனைப் பக்கத்தில் ஒருவர் இன்னாரென்று அறிய உம்மாவின் குடியை, அதாவது தாய்வழிக் குலத்தை, கேட்பார்கள். பிள்ளைக்குக் குடி உம்மா வழியில் வரும். ஒரே குடிக்குள் கலியாணம் பேசுவதில்லை. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார், வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். வாரிசுச் சட்டத்தில் மகனுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்று மார்க்கம் சொல்லியிருக்க, இந்தக் கரையில் வீடு பெண்ணுடையது. பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கொரு மரைக்காயர் இருந்தார். அயலிலுள்ள தமிழர் கோயில்களில் அதே முறையில் குடிக்கொரு வண்ணக்கர். அரபு மாலுமி இங்கே கரையிறங்கிப் பெண் எடுத்தார் என்றே வைத்துக்கொள்வோம். அவருடைய பிள்ளைகளை ஊர் எண்ணியது உம்மாவின் குடியில்தான். கொழும்பு வாதத்தில் இரண்டு பக்கமும் தவறவிட்டது இந்தப் பெண்களை என்றே நான் கருதுகிறேன்.

பெயரும் ஒரே வழியில் வந்ததல்ல. ‘சோனகர்’ யவனரிலிருந்து வந்த தமிழ்ச் சொல். ‘மூர்’ போர்த்துக்கேயர் தங்கள் நாட்டு முஸ்லிம்களுக்கு வைத்திருந்த பெயர். இனமும் மார்க்கமும் சேரும் விதம் நாட்டுக்கு நாடு வேறு. தமிழ்நாட்டு முஸ்லிம் தன்னைத் தமிழர் என்று சொல்லத் தயங்குவதில்லை. மலாயாவில் 1957ஆம் ஆண்டு அரசியல் சட்டம், மலாய்க்காரர் என்றால் இஸ்லாத்தைப் பின்பற்றுபவர் என்றே எழுதிவைத்தது. இலங்கையில் சட்டசபை ஆசனம் தொடக்கிய பிரிவை யுத்தம் இறுக்கியது. 1981இல் காத்தான்குடியில் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் பிறந்தது. 1990ஆம் ஆண்டு கிழக்கில் நடந்த படுகொலைகளுக்குப் பிறகு பக்கத்துப் பக்கத்துத் தமிழ், முஸ்லிம் ஊர்கள் ஒன்றையொன்று பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. அந்த மரணங்களை மறந்துவிட்டு இந்த வரலாற்றை எழுதக் கூடாது.

மார்க்கமா முன்னோர் வழியா என்ற கேள்வி வழக்கங்களிலும் உண்டு. கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் இறைநேசர் நாகூர் ஆண்டகைக்கு ஆண்டுதோறும் கொடியேற்றுகிறார்கள். அவர் அடங்கியிருப்பது தமிழ்நாட்டின் நாகூரில். கொடி மார்க்கத்தில் இல்லாதது என்போரும் உண்டு, முன்னோர் வழி என்போரும் உண்டு.

கல்முனைக் கரை ஊர்களின் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். குடிப் பெயர் தெரியாத பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். உங்கள் உம்மம்மா உயிரோடிருந்தால் இந்த வாரமே போய்க் கேளுங்கள். அவர் சொல்வதைத் தேதியிட்டு எழுதிவையுங்கள்.