ஆணியும் மூட்டும்: தச்சரல்லாதார் மரவினையின் வரலாறு

நன்னூற் பாயிரத்தில் நூல் என்னும் சொல்லுக்குப் பவணந்தியார் காட்டும் உவமையை நாம் இளமையிலேயே பாடம் கேட்டிருக்கிறோம். தச்சன் மரத்தின்மீது நூலிட்டு அதன் கோணலை அறிந்து போக்குதல் போல, அறிஞர் செய்த நூல் மாந்தர் மனத்தின் கோணலைப் போக்கும் என்பது அவ்வுவமை. இதனைத் திருப்பி வைத்து வினவின் வேறொரு சிக்கல் தோன்றும். எழுத்தாலாகிய நூல், தச்சனது கயிற்று நூலின் வேலையைச் செய்யவல்லதா? உளி பிடித்தறியாத ஒருவன், ஏட்டைப் படித்த துணைகொண்டு, தன் வீட்டுக்கு வேண்டிய ஒரு மேசையையோ நாற்காலியையோ தானே செய்துகொள்ளுதல் கூடுமா? இவ்வினாவுக்கு வரலாறு தரும் விடையை ஈண்டு ஆராய்வாம்.

இதுபற்றிப் பொதுவாக வழங்கும் கருத்து ஒன்று உண்டு. பண்டு தொழில்நுட்பங்களைக் கம்மியர் தம் குடும்பத்துள்ளும் குழுவுள்ளும் மறைத்து வைத்திருந்தனர். அச்சுப்பொறி தோன்றி அம்மறைவை நீக்கிற்று. அதன்பின் எவரும் படித்துச் செய்யலாயினர் என்பது அது. இதனை யாம் முழுதும் உடன்படுவதற்கில்லை. மறைவை நீக்கிய நூல் வெளிவந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேற் சென்ற பின்னரே புதியவன் கைவினை பரவிற்று. பரப்பியதும் நூலன்று; ஆணியும், ஆலையில் அறுத்து இழைத்த பலகையுமே என்பது எம் துணிபு. காட்டுப்புறத்துக் குடியானவன் தன் திண்ணைப் பலகையைத் தானே செதுக்கிக்கொண்டது எக்காலத்தும் உண்டு. அவன் பிறந்தது முதல் கோடரியோடு பழகியவன். அவனைப் பற்றியதன்று இவ்வாராய்ச்சி. வேறு தொழிலாற் பிழைக்கும் நகரத்தானே ஈண்டுக் கருதப்படுபவன்.

முதற்கண் நம் நாட்டு நிலையைச் சிறிது நோக்குதல் நலம். பரிசில் நீட்டித்த அதியமானின் வாயிலில் நின்று ஒளவையார் பாடிய புறநானூற்று 206ஆம் பாட்டில், கோடரியுடன் காடு புகும் தச்சன் மக்கள் உவமையாக வருகின்றனர். அவர்கள் சிறுவரே, எனினும் கைத்திறன் உடையராகவே கூறப்படுகின்றனர். பிறந்த வீடே பட்டறையாக இருந்தமையின் அவர்க்குப் புதியவன் என்னும் நிலையே இல்லை எனலாம். இனி, தச்சுக்கு நூல்களும் இருந்தன. சோழர் காலத்ததாகக் கருதப்படும் மயமதம் என்னும் வடமொழிச் சிற்பநூல் கட்டிலுக்கும் இருக்கைக்கும் ஓர் அதிகாரம் வகுத்துள்ளது. அந்நூலைப் புரூனோ தகான்சு பதிப்பிக்கப் புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனம் 1970, 1976ஆம் ஆண்டுகளில் வெளியிட்டது. ஆயின், அவ்வதிகாரம் நீளமும் அகலமும் உறுப்புகளின் விகிதமும் கூறுமேயன்றி, உளியை எங்ஙனம் பிடித்தல் வேண்டும் என்று கூறுவதன்று. செய்யத் தெரிந்தவனுக்கு எதனை எவ்வளவிற் செய்க என்று விதிக்கும் நூல் அது. செய்யத் தெரியாதவனை முன்னிறுத்தி எழுந்த நூலைக் காண வேண்டுமாயின், 17ஆம் நூற்றாண்டின் இலண்டனுக்குச் செல்லுதல் வேண்டும்.

அக்காலத்து இங்கிலாந்தில் மரவினைஞர் ஓரினத்தார் அல்லர். தமிழில் தச்சர் என்னும் ஒரு சொல்லே இருவரையும் குறித்தலின், ஈண்டு வசதிக்காகக் கட்டடத் தச்சர், மூட்டுத் தச்சர் எனப் பிரித்து வழங்குவோம். முன்னவர் கூரையும் தளமும் அமைப்போர். பின்னவர் பெட்டியும் பேழையும் மேசையும் செய்வோர். இருவர்க்கும் தனித்தனித் தொழிற்கழகங்கள் இருந்தன. 1563ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏழாண்டு பயிற்சியாளனாக இருந்தவனே தொழில் செய்யலாம். இவ்விதி 1814 வரை ஏட்டில் நின்றது. எது யாருடைய வேலை என்று இவ்விரு கழகத்தாரும் வழக்கிட்டபோது, 1632ஆம் ஆண்டில் இலண்டன் நகராட்சியார் ஒரு முடிவு கூறினர். நாக்கும் துளையுமாக மூட்டியும், புறாவால் வடிவில் வெட்டிக் கோத்தும், பசையிட்டும் செய்வன மூட்டுத் தச்சர்க்கு உரியன. பலகையை ஆணியடித்துச் செய்வன கட்டடத் தச்சர்க்கு உரியன என்பது அதன் சாரம். மேசை ஒன்றே; அது பொருந்தியிருக்கும் முறையே உரிமையைப் பிரித்தது. மரச்சாமான் வரலாற்றில் இத்தீர்ப்பினைப் போல் விளக்கம் தருவது வேறொன்றில்லை என யாம் கருதுகிறோம். மூட்டு உயர்ந்தது, ஆணி தாழ்ந்தது என்னும் எண்ணம் இங்குச் சட்டவடிவம் பெற்றது.

ஜோசப் மாக்சன் (1627–1691) தச்சர் அல்லர். அச்சிடுவோர், உலக உருண்டையும் நிலப்படமும் செய்து விற்போர், இரண்டாம் சார்லசு மன்னனின் நீர்ப்பரப்பு வரைவாளர். கைத்தொழில்களை ஒவ்வொன்றாக விளக்கி, திங்கள் ஒன்றுக்கு ஓர் இதழாக அவர் வெளியிடத் தொடங்கினார். முதல் இதழ் 1677 சனவரி எனப் பொறிக்கப்பட்டுள்ளது. அக்கால இங்கிலாந்தில் ஆண்டு மார்ச்சு 25இல் தொடங்கியமையின் நம் கணக்கில் அது 1678 ஆகும். கொல்வேலை, மூட்டுத்தச்சு, கட்டடத்தச்சு, கடைசல் என்பன அதிற் கூறப்பெற்றன. அவ்வாண்டு இறுதியில் அவர் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கடை வைத்துத் தொழில் செய்த ஒருவர்க்கு அச்சிறப்புக் கிடைத்தது அதுவே முதன்முறை.

இந்நூலை ஊன்றிப் படிப்போர்க்கு இரண்டு செய்திகள் புலனாகும். ஒன்று, மாக்சன் தம் முன்னுரையிலேயே தம் நூலின் எல்லையைக் கூறிவிடுகிறார். கைத்திறம் என்பது சொல்லாற் கற்பிக்கப்படுவதன்று, பயிற்சியால் மட்டுமே வருவது என்றும், படித்த அளவிலே எவரும் இவ்வினைகளைச் செய்துவிடுவர் எனத் தாம் உறுதி கூறவில்லை என்றும் அவர் வெளிப்படையாக எழுதியுள்ளார். தம் நூலைத் தாமே இவ்வாறு அளந்து காட்டிய ஆசிரியர் சிலரே. மற்றொன்று, மூட்டுத்தச்சுப் பகுதி முழுவதையும் படித்தவனும் ஒரு நாற்காலியை எவ்வாறு செய்வது என்பதை அதிற் காணான். கரட்டுப் பலகையை முதலில் முரட்டு இழைப்புளியாலும் பின் நெடிய இழைப்புளியாலும் எவ்வாறு சமன் செய்வது, சமனானதை அளவுகோலின் விளிம்பை வைத்து எவ்வாறு சோதிப்பது, மூலைமட்டம் ஒன்றை எவ்வாறு செய்வது, சட்டத்தில் நாக்கும் துளையும் எவ்வாறு வெட்டுவது என்பனவே விரிவாகக் கூறப்படுகின்றன. பொருளை அன்று, பொருளுக்கு முற்பட்ட திறத்தையே அந்நூல் கற்பிக்க முயன்றது. படங்களைப் பற்றியும் ஒரு சொல். கருவிப்படங்களுட் சில 1676இல் பாரிசில் வெளிவந்த பெலிபியன் நூலினின்றும் எடுக்கப்பெற்றவை. ஆதலின் உரை இலண்டன் பட்டறையைப் பேச, படம் பிரெஞ்சு இழைப்புளியைக் காட்டுகிறது! மூலமும் உரையும் வெவ்வேறு காலத்தனவாகிய ஏடுகளோடு பழகிய நமக்கு இது வியப்பன்று; உளியைக் கையிலெடுத்த புதியவனுக்கோ இடர்ப்பாடே.

இதன்பின் 1769 முதலாகப் பிரான்சில் ரூபோ எழுதிய பெருநூல் வெளிவந்தது. அவர் தாமே தச்சர். அறிவியற் கழகத்தின் ஆதரவில் எழுதினார். நுணுக்கத்தில் அதற்கு இணையில்லை. எனினும் விலைமிக்க அப்பெருந்தொகுதிகள் பெரும்பாலும் சென்றடைந்த இடம் நூலகமே.

இத்துணை விளக்கம் இருந்தும் நகரத்தான் ஏன் செய்யவில்லை? மூட்டின் இயல்பை உணர்ந்தாலன்றி இதற்கு விடை கூறல் இயலாது. நாற்காலிக் காலில் ஒரு துளை வெட்டிக் குறுக்குச் சட்டத்தின் நாக்கை அதில் இறுகச் செருகினால், நாக்கின் தோள்கள் காலை அழுத்திப் பிடித்து, சட்டம் பக்கவாட்டில் ஆடாதவாறு தடுக்கும். ஆட்டத்தைத் தடுத்தலே அதன் பெரும்பயன். துளை மயிரிழை அகன்றால் நாக்கு தளரும். மயிரிழை குறுகினால் கால் பிளக்கும். இந்த மயிரிழையை ஏடு சொல்லாது, கை சொல்லும். ஆணியோ வேறு இயல்பினது. மரநார்களை விலக்கிக்கொண்டு புகுந்து, அவை திரும்ப நெருக்கும் இறுக்கத்தால் நிற்பது அது. ஓர் ஆணியால் இணைத்த இரண்டு கட்டைகள் அவ்வாணியையே அச்சாகக் கொண்டு சுழலும். பலகை முனைக்கு மிக அருகில் அடித்தால் பிளவு உண்டாகும். நார் ஓடும் திசையிலேயே அடித்தால் பிடிப்புக் குறையும். ஆயினும் இக்குறைகள் எல்லாம் ஒரே மாலையில் கற்றுக்கொள்ளத் தக்கவை. ஏழாண்டு வேண்டா.

அங்ஙனமாயின் ஆணியடித்துச் செய்தல் ஏன் முன்னரே பரவவில்லை எனின், ஆணி அரிதாக இருந்தமையே காரணம். ஒவ்வோர் ஆணியும் கொல்லன் உலையில் தனித்தனியே அடிக்கப்பட்டது. வர்ஜீனியாவில் குடியேறியோர் வேற்றிடம் பெயரும்போது வீட்டைக் கொளுத்திச் சாம்பலில் ஆணி பொறுக்கிச் சென்றனர் என்பதும், 1645ஐ ஒட்டி அதனைத் தடுக்கச் சட்டம் செய்ய நேர்ந்தது என்பதும் வரலாறு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பொறியில் வெட்டிய ஆணியும், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கம்பியாணியும் வந்து இவ்வருமையைப் போக்கின. அதே காலத்தில் மரமும் மாறிற்று. வட்ட இரம்பமும், 1828இல் அமெரிக்காவில் வுட்வொர்த்து உரிமம் பெற்ற இழைப்புப் பொறியும், மாக்சன் பல பக்கங்களில் விளக்கிய வேலையை ஆலைக்குள்ளேயே முடித்துவிட்டன. கடைக்கு வரும் பலகை சமனாகவே வந்தது. புதியவனுக்கு மிகக் கடினமாயிருந்த முதற்படி, அவன் அறியாமலே ஏறப்பட்டுவிட்டது.

இவ்வுண்மையை மறைக்காமற் கூறும் நூல், சிகாகோவில் பாப்புலர் மெக்கானிக்ஸ் இதழின் சார்பாக 1909, 1910, 1912ஆம் ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளிவந்த மரச்சாமான் கையேடாகும். குறித்த நீளத்தில் வெட்டி, இழைத்து, தேய்த்த ஓக்குப் பலகையை ஆலையிலிருந்தே வரவழைத்தால் உழைப்பு மிகுதியும் குறையும் என்று அது படிப்போர்க்கு அறிவுறுத்துகிறது. நேர்க்கோடுகளாலாகிய எளிய வடிவங்களே அதில் உள்ளன. எனினும் மூட்டின் மதிப்பு அவர்களை விடவில்லை. நாக்கும் துளையும் அங்கும் வேண்டப்பட்டன. 1934இல் ஒல்லாந்தக் கட்டடக்கலைஞர் ரீட்வெல்டு அதனையும் விடுத்தார். சரக்குப்பெட்டி செய்யும் மலிவான பலகைகளைக் கொண்டு, நுண்ணிய மூட்டின்றி அவர் வகுத்த நாற்காலியை ஆம்ஸ்டர்டாம் கடை ஒன்று உறுப்புகளாகவும் விற்றது.

ஆணியைப் பற்றிய தாழ்வெண்ணத்தை வெளிப்படையாக எதிர்த்தவர் இத்தாலியரான என்சோ மாரி (1932–2020). 1974இல் மிலான் நகரக் கலைக்கூடம் ஒன்றில் அவர் பத்தொன்பது பொருள்களின் வரைபடங்களையும் செய்பொருள்களையும் காட்சிக்கு வைத்தார். மேசை, நாற்காலி, விசிப்பலகை, கட்டில், நூலடுக்கு, உடைப்பேழை என்பன அவை. கருவி சுத்தியலும் இரம்பமும். பொருள் கடையிற் கிடைக்கும் கரட்டுப் பலகையும் ஆணியும். அஞ்சற் செலவை மட்டும் அனுப்புவோர்க்கு வரைபடம் இலவசமாக அனுப்பப்பட்டது. எவரும் செய்துகொள்ளலாம்; தொழிற்சாலையும் வணிகரும் மட்டும் செய்தலாகாது என்பது அவர் விதித்த கட்டு.

அவ்வரைபடங்களில் யாம் வியப்பது, அவை ஆணியின் குறையை மறைக்க முயலாமையே. ஓராணி சுழலும் என்று கண்டோம். ஆதலின் அவர் சாய்வுப் பலகைகளைக் குறுக்கே நிறுத்தி முக்கோணங்களை அமைக்கிறார். முக்கோணம் தன் பக்கங்களின் நீளம் மாறாதவரை வடிவம் மாறாது. மூட்டு செய்த வேலையை வடிவம் ஏற்றுக்கொண்டது. கையின் ஏழாண்டுத் திறத்தை வரைவோன் தன் தாளிலேயே செலுத்திவிட்டான். அன்றியும், சாய்வுப் பலகை ஏன் அங்கே நிற்கிறது என்பதைச் செய்பவன் தன் கண்ணாற் காண்கிறான். அதனை எடுத்துவிட்டு மேசையை அசைத்துப் பார்த்தால் காரணம் கைக்கே விளங்கும். நூல் சொல்ல இயலாததைப் பொருளே சொல்லுமாறு அமைத்தமை மாரியின் தனிச்சிறப்பு. மாக்சன் இயலாது என்று விட்ட இடத்தை அவர் சொல்லால் நிரப்பவில்லை, பலகையால் நிரப்பினார்.

மலிவான மேசை செய்வது தம் நோக்கமன்று என்று அவர் வற்புறுத்தினார். தன் கையால் ஒன்றைச் செய்து பார்த்தவன், கடையில் விற்கும் பொருளை ஆராயும் கண் பெறுவான் என்பதே அவர் கருத்து. கலை வரலாற்றறிஞர் ஆர்கான் இதனை ஆதரித்தார். பிறர் வகுத்தவாறு வாழாதிருக்க ஒரு வழி, தாமே வகுத்துக்கொள்ளுதல் என்பது அவர் கூறிய காரணம். ஆனால் வரைபடம் கேட்டு எழுதியோருட் பலர் அவற்றை நாட்டுப்புற அழகுடைய பொருள்களாகவே கொண்டமை மாரிக்கு மனநிறைவு தரவில்லை. 2002இல் நூல் மீண்டும் வெளிவந்தபோது தலைப்பின் இறுதியில் ஒரு வினாக்குறி சேர்ந்திருந்தது. உரையாசிரியர் எழுதும் நீண்ட விளக்கத்தினும் அவ்வொரு குறி மிகுதி பேசுகிறது.

2010இல் பின்லாந்து நிறுவனமாகிய ஆர்ட்டெக்கு அந்நாற்காலிகளுள் ஒன்றை, வெட்டிய பலகையும் ஆணியும் குறிப்பும் அடங்கிய கட்டாக, மாரியின் இசைவுடன் விற்கத் தொடங்கியது. வணிகர் செய்தலாகாது என்ற கட்டு அங்கே நெகிழ்ந்தது. அந்நெகிழ்ச்சியை யாம் குறையாகவே கருதுகிறோம். இரம்பம் பிடிக்கும் வேலையும் அதனோடு போயிற்று. பிறிதோர் இசைவைப் பற்றி எமக்கு அவ்வெண்ணம் இல்லை. பெர்லினில் குக்குலா என்னும் குழு, ஆப்பிரிக்காவிலிருந்து கடல்கடந்து ஏதிலியராக வந்த இளைஞர்க்கு மரவேலை கற்பித்தது. அவ்வரைபடங்களைப் பயன்படுத்திச் செய்து விற்கும் உரிமையை மாரி அவர்க்கு அளித்தார். அவர்கள் செய்த நாற்காலிகளுட் சிலவற்றில், லாம்பெடூசாத் தீவில் கரையொதுங்கிய ஏதிலியர் படகுகளின் வண்ணம் தீட்டிய பலகைகளும் ஆணியடித்துச் சேர்க்கப்பட்டிருந்தன.