வெள்ளச் சமவெளி ஆற்றிடம் திரும்புகிறது, நீர் திரும்புமா?

கலிஃபோர்னியாவின் மொடெஸ்டோ நகருக்கு மேற்கே, துவாலமி ஆறும் சான் வாகீன் ஆறும் கலக்கும் இடத்தில் உள்ளது டோஸ் ரியோஸ். சுமார் 1,600 ஏக்கர் கொண்ட இந்தப் பழைய பண்ணை நிலம், பத்தாண்டுகளுக்குப் பின் மாநிலத்தில் அமைந்த முதலாவது புதிய மாநிலப் பூங்காவாக 2024 ஜூன் மாதம் திறக்கப்பட்டது.

மத்திய பள்ளத்தாக்கில் ஆற்றோரக் காடுகளிலும் ஈரநிலங்களிலும் 90 சதவீதத்துக்கும் மேல் அழிந்துவிட்டன. அணைகள் கட்டப்பட்டு, கரைகள் உயர்த்தப்பட்டபின் வெள்ளச் சமவெளிகள் வயல்களாயின. ஆனால் வெள்ளம் அந்த ஏற்பாட்டை ஏற்கவில்லை. 1997 ஜனவரியில் டான் பெட்ரோ அணை நிரம்பி வழிந்து, மொடெஸ்டோவின் தாழ்வான பகுதிகள் மூழ்கின.

ரிவர் பார்ட்னர்ஸ் என்ற தொண்டு அமைப்பு, துவாலமி ஆற்று அறக்கட்டளையுடன் இணைந்து 2012இல் இந்நிலத்தைப் பெற்றது. கரைகள் சில இடங்களில் உடைத்துவிடப்பட்டன. வில்லோ, காட்டன்வுட், ஓக் போன்ற உள்ளூர் மரங்களும் செடிகளும் லட்சக்கணக்கில் நடப்பட்டன. அழியும் நிலையிலுள்ள ஆற்றோரப் புதர் முயல்கள் வெள்ளத்தில் ஏறித் தப்ப மண்மேடுகளும் அமைக்கப்பட்டன. பரந்து தேங்கும் நீரில் சால்மன் குஞ்சுகளுக்கு இரை பெருகுகிறது. கீழேயுள்ள ஊர்களுக்கு வெள்ளத்தின் வேகம் தணிகிறது. நிலத்தடி நீரும் ஊறுகிறது. 2023ஆம் ஆண்டின் பெருமழையில் நிலம் மீண்டும் வெள்ளத்தை ஏற்றது.

எளிதான பகுதி இத்துடன் முடிகிறது எனலாம். வெள்ளச் சமவெளிக்கு நிலம் மட்டும் போதாது, நீரும் வேண்டும். துவாலமியின் நீரில் பெரும்பகுதி பாசனத்துக்கும், ஹெட்ச் ஹெட்சி நீர்த்தேக்கம் வழியாக சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிக்கும் போகிறது. சுமார் 27 லட்சம் பேர் அருந்தும் இந்நீரை, தமிழர்கள் கணிசமாக வாழும் ஃப்ரீமாண்ட், சன்னிவேல், மில்பிடாஸ் வட்டாரங்களிலும் பலர் பருகுகின்றனர். குழாயைத் திறக்கும்போது அந்த ஆறு நினைவுக்கு வருபவர்கள் குறைவே.

பிப்ரவரி முதல் ஜூன் வரை இயல்பான நீரோட்டத்தில் 40 சதவீதத்தை ஆற்றிலேயே விடவேண்டும் என்று மாநில நீர்வள வாரியம் 2018 டிசம்பரில் முடிவெடுத்தது. சான் பிரான்சிஸ்கோ நகரமும் பாசன மாவட்டங்களும் இதை எதிர்த்து நீதிமன்றம் சென்றன. வறட்சிக் காலத்தில் நகரங்கள் தவிக்கும், வயல்கள் தரிசாகும் என்பது அவர்கள் வாதம். வாழிடங்களைச் சீரமைத்தால் குறைந்த நீரே போதும் என்கின்றனர் அவர்கள்; நீரின்றி வாழிடம் இல்லை என்கின்றனர் சூழலியலாளர்கள். வறண்ட ஆண்டுகளில் டோஸ் ரியோஸின் தாழ்நிலங்களை ஆறு எட்டுவதில்லை என்பதால், இரண்டாவது வாதம் வலுவானதாகவே தோன்றுகிறது.