30% சார்ஜ் இருக்கும்போதே போன் ஆஃப் ஆகுதா? புது போன் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறும்போது போனில் 34% சார்ஜ். திருச்சி வரைக்கும் தாங்கும் என்று மனசுக்குள் ஒரு கணக்கு. கண்டக்டர் டிக்கெட் கேட்கிறார், மெசேஜைத் திறக்கிறீர்கள், ஸ்கிரீன் ஒரு நொடி மங்கி அப்படியே கறுப்பாகிவிடுகிறது. பக்கத்து சீட்காரரிடம் பவர்பேங்க் வாங்கிச் செருகினால் போன் மறுபடி உயிர் பெற்று, எதுவுமே நடக்காததுபோல 29% என்று காட்டுகிறது. அப்போ இவ்வளவு நேரம் அந்த 29% எங்கே போயிருந்தது?

டீக்கடையில் யு.பி.ஐ ஸ்கேன் பண்ணும்போதும், பேங்க் ஓ.டி.பி வரும் நேரத்திலும் இதே கதை. சர்வீஸ் கடைக்குப் போனால் ஒருவர் 'பேட்டரி வீக்' என்பார், இன்னொருவர் 'போர்டு பிராப்ளம்' என்பார், மூன்றாமவர் எக்ஸ்சேஞ்ச் ஆஃபரைக் காட்டுவார். 'சார்ஜ் நிக்க மாட்டேங்குது' என்ற ஒரே புகாருக்குள் நாலு வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கலாம். சிலதுக்குச் செலவே இல்லை. சிலதுக்கு பேட்டரி மட்டும் மாற்றினால் போதும். எது என்று தெரியாமல் புது போனுக்கு இ.எம்.ஐ போடுவதுதான் வேஸ்ட்.

அந்த % ஒரு கணிப்புதான்

மொட்டைமாடி டேங்க்கைத் திறந்து எட்டிப் பார்ப்பதுபோல, பேட்டரிக்குள் எவ்வளவு மிச்சம் என்று போனால் நேரடியாகப் பார்க்க முடியாது. எத்தனை வாளி உள்ளே ஊற்றினோம், எத்தனை வாளி வெளியே எடுத்தோம் என்று எண்ணிக்கொண்டே இருக்கும் ஒரு சின்ன சிப் உள்ளே இருக்கிறது. அதோடு பேட்டரியின் வோல்டேஜையும் சேர்த்துப் பார்த்து, 'தோராயமாக இவ்வளவு இருக்கும்' என்று அது சொல்வதுதான் திரையில் வரும் நம்பர். போன் பழசாகும்போது டேங்க்கே கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிறது. கணக்கும் பிசகுகிறது.

ஆனால் திடீரென ஆஃப் ஆவதற்கு முக்கியக் காரணம் இது இல்லை. உப்புத்தண்ணி ஓடி ஓடி உள்ளே படிந்துபோன பழைய பைப்பை யோசித்துப் பாருங்கள். டேங்க்கில் தண்ணி இருக்கும். ஒரு குழாயை மெதுவாகத் திறந்தால் வரவும் செய்யும். ஷவரையும் கிச்சன் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்தால் நூல் மாதிரி சொட்டும். பழைய லித்தியம் அயன் பேட்டரியும் அப்படித்தான். அதற்குள் மின் தடை ஏறிவிடுகிறது. கேமரா ஃபிளாஷ், வீடியோ கால், சிக்னல் தேடும் 5ஜி என்று போன் சட்டென்று நிறைய கரன்ட் கேட்டதும், வோல்டேஜ் ஒரு நொடி தடாலென்று விழுகிறது. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால், பாதுகாப்புக்காக போன் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். சார்ஜர் போட்டதும் அழுத்தம் குறைந்து வோல்டேஜ் பழைய நிலைக்கு வர, அதே 29% திரும்பவும் தெரிகிறது. சார்ஜ் எங்கேயும் போகவில்லை. வெளியே வரத்தான் வழியில்லாமல் இருந்தது.

இது மலிவு போன்களுக்கு மட்டும் வரும் வியாதி இல்லை. பழைய ஐபோன்கள் இப்படித் திடீரென அணைவதைத் தவிர்க்க, சாஃப்ட்வேர் மூலம் அவற்றின் வேகத்தைக் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது. அடுத்த வருடம் பேட்டரி மாற்றும் கட்டணத்தைக் குறைத்தார்கள். ஐபோனில் இப்போது நாம் பார்க்கும் 'பேட்டரி ஹெல்த்' பக்கம் வந்ததே அந்தச் சர்ச்சைக்குப் பிறகுதான். புதுப் பேட்டரி போட்டதும் பழைய போன் மறுபடி வேகமெடுத்ததைப் பார்த்துப் பலர் அசந்துபோனார்கள்.

ஒரு ராத்திரி டெஸ்ட்

சரி, உங்கள் போனுக்கு என்ன பிரச்னை? இன்றைக்கு ராத்திரியே கண்டுபிடிக்கலாம். தூங்கும் முன் சார்ஜ் எத்தனை % என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏரோபிளேன் மோடு போடுங்கள், வைஃபை, புளூடூத் இரண்டும் ஆஃப். (அலாரம் அடிக்கும், கவலை வேண்டாம்.) காலையில் பாருங்கள்.

எட்டு மணி நேரத்தில் மூணு நாலு % குறைந்திருந்தால் நார்மல். அப்படியென்றால் பகலில் சார்ஜைக் குடிப்பது நெட்வொர்க்கோ ஆப்களோதான். ஏரோபிளேன் மோடிலேயே 10, 15% போயிருந்தால் ஏதோ ஒன்று உள்ளே விழித்திருக்கிறது, இல்லையென்றால் பேட்டரியே தளர்ந்துவிட்டது. நல்ல லித்தியம் செல் சும்மா இருக்கும்போது தானாக இழப்பது மாதத்துக்கே ஓரிரு % அளவுதான். அதனால் ராத்திரியில் காணாமல்போன 15% 'லீக்' ஆகிப் போயிருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு.

மறுநாள் ராத்திரி இதையே ஏரோபிளேன் மோடு இல்லாமல் செய்து பாருங்கள். இரண்டுக்கும் இருக்கும் வித்தியாசமே பாதிப் பதிலைச் சொல்லிவிடும்.

சத்தமில்லாமல் சார்ஜைக் குடிப்பவர்கள்

செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குப் போனால் எந்த ஆப் எவ்வளவு எடுத்தது என்று பட்டியல் இருக்கும். நாலு மணி நேரம் ரீல்ஸ் பார்த்துவிட்டு அது முதலிடத்தில் இருக்கிறதே என்று அதிர்ச்சியாக வேண்டாம், அது நியாயமான கணக்கு. நீங்கள் தொடவே தொடாத ஒரு ஆப் மேலே இருக்கிறதா என்று பாருங்கள். எப்போதோ ஒரு தடவை சாப்பாடு ஆர்டர் பண்ணிய ஆப் இன்னும் லொகேஷனைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். லொகேஷன் அனுமதியை 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று மாற்றுங்கள், பின்னணியில் இயங்கவும் தடை போடுங்கள்.

பலரும் கவனிக்காத ஆள் இன்னொருவர் இருக்கிறார்: சிக்னல். டவர் தூரமாக இருந்தால் போன் சத்தம் போட்டுப் பேச வேண்டியிருக்கிறது, அதாவது கூடுதல் பவரில் சிக்னல் அனுப்புகிறது. ஓடும் ரயிலில் டவர் மாறிக்கொண்டே இருக்கும், அதனால்தான் வீட்டில் ஒருநாள் நிற்கும் சார்ஜ் ஊருக்குப் போகும் வழியிலேயே தீர்ந்துவிடுகிறது. பேங்க் ஓ.டி.பி-க்காக மட்டும் வைத்திருக்கும் அந்த இரண்டாவது சிம்முக்கு உங்கள் ஏரியாவில் டவரே இல்லையென்றால், நாள் முழுக்க அதைத் தேடிக்கொண்டே இருக்கும். தேவைப்படாத நேரத்தில் அந்த சிம்மை மட்டும் ஆஃப் பண்ணி வைத்துப் பாருங்கள். 5ஜி விட்டு விட்டு வரும் இடத்தில் 4ஜி-க்கு மாறுவதும் உதவும்.

சாஃப்ட்வேர் அப்டேட் போட்ட மறுநாள் சார்ஜ் வேகமாக இறங்கினால் ஓரிரு நாள் பொறுங்கள். உள்ளே ஃபைல்களை எல்லாம் புதிதாக அடுக்கும் வேலை நடந்துகொண்டிருக்கும். அதற்கப்புறமும் இறங்கினால் ஆண்ட்ராய்டில் 'சேஃப் மோடு' போட்டுப் பார்க்கலாம். அதில் நாம் இன்ஸ்டால் செய்த ஆப்கள் எதுவும் ஓடாது. அப்போது சார்ஜ் நின்றால் குற்றவாளி ஏதோ ஒரு ஆப்தான்.

'பேட்டரி சேவர்', 'கிளீனர்' என்று பிளே ஸ்டோரில் கிடைக்கும் ஆப்களை மட்டும் நம்பாதீர்கள். பின்னணியில் ஓடிக்கொண்டு விளம்பரம் காட்டும் ஆப், சார்ஜை மிச்சம் பிடிக்கும் என்பது காமெடி. எல்லா ஆப்களையும் நிமிடத்துக்கு ஒருமுறை மேலே தள்ளி மூடுவதாலும் லாபம் இல்லை, திரும்பத் திறக்கும்போது முதலில் இருந்து லோடு ஆக இன்னும் பவர் எடுக்கும்.

பேட்டரிக்கு வயசாயிடுச்சா?

ஐபோனில் செட்டிங்ஸில் பேட்டரி, அதற்குள் பேட்டரி ஹெல்த். சாம்சங்கில் 'சாம்சங் மெம்பர்ஸ்' ஆப்பில் டயக்னாஸ்டிக்ஸ் பகுதி. பிக்சல் 8ஏ முதல் வந்த பிக்சல்களில் செட்டிங்ஸிலேயே இருக்கிறது. மற்ற ஆண்ட்ராய்டு போன்களில் மாடலைப் பொறுத்தது, செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் 'பேட்டரி' என்று தட்டிப் பாருங்கள். கொள்ளளவு 80%க்குக் கீழே இருந்தால் பேட்டரி மாற்றும் நேரம் வந்துவிட்டது.

இந்த 80% எப்போது வரும்? அது எத்தனை 'சைக்கிள்' ஓடியது என்பதைப் பொறுத்தது. இன்று 60%, நாளை 40% பயன்படுத்தினால் இரண்டும் சேர்ந்து ஒரு சைக்கிள். ஐபோன் 14 வரைக்குமான மாடல்களுக்கு 500 சைக்கிள், 15 முதல் 1,000 சைக்கிள் என்று ஆப்பிள் கணக்கு சொல்கிறது. ஐரோப்பிய யூனியனில் 2025 ஜூன் முதல் விற்பனைக்கு வரும் போன்களின் பேட்டரி 800 சைக்கிளுக்குப் பிறகும் 80% கொள்ளளவு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஒரு நாளைக்கு ஒரு ஃபுல் சார்ஜ் பழக்கமுள்ளவருக்கு 500 சைக்கிள் ஒன்றரை வருடத்தில் முடிந்துவிடும்.

ஹெல்த் நன்றாக இருக்கிறது, ஆனாலும் 40%லிருந்து சட்டென்று 22%க்குக் குதிக்கிறது என்றால் சிப்பின் கணக்கு பிசகியிருக்கலாம். ஒரே ஒரு முறை போன் தானாக ஆஃப் ஆகும்வரை பயன்படுத்தி, பிறகு நடுவில் எடுக்காமல் 100% வரை ஏற்றுங்கள். கணக்கு நேராகிவிடும். ஆகவில்லையென்றால் கோளாறு பேட்டரியில்தான். இதை வாராவாரம் பண்ணாதீர்கள். 'முழுசா தீர்ந்தப்புறம்தான் சார்ஜ் போடணும்' என்பது நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்து அறிவுரை, லித்தியத்துக்கு அது கெடுதல்.

நம்ம ஊர் வெயில்

போனைப் பயன்படுத்த 0 முதல் 35 டிகிரி செல்சியஸ்தான் ஏற்ற வெப்பநிலை என்கிறது ஆப்பிள். கத்திரி வெயிலில் வேலூரும் மதுரையும் 40-ஐத் தாண்டுகின்றன! பைக் ஹேண்டில்பாரில் போனை மாட்டி, வெயிலில் மேப்பை ஓடவிட்டு, கூடவே சார்ஜும் போட்டால் மூன்று பக்கமும் சூடு. டெலிவரி வேலை பார்க்கிறவர்களின் பேட்டரி சீக்கிரம் படுப்பதற்கு இதுதான் முக்கியக் காரணம். அவர்களுக்கு போன்தான் அன்றைய சம்பளம். முடிந்தால் சட்டைப் பையில் வைத்து இயர்போனில் வழி கேளுங்கள். சார்ஜை ஆர்டருக்குக் காத்திருக்கும்போது நிழலில் போடுங்கள், கனமான கவரைக் கழற்றிவிட்டு.

சூட்டோடு 100% சார்ஜும் சேர்ந்தால் இன்னும் மோசம். 'பேட்டரி யுனிவர்சிட்டி' இணையதளத்தின் அட்டவணைப்படி, 40 டிகிரியில் முழு சார்ஜோடு ஒரு வருடம் சும்மா வைத்த பேட்டரிக்கு 65% கொள்ளளவுதான் மிஞ்சும். அதையே 40% சார்ஜில் வைத்திருந்தால் 85% மிஞ்சும். உங்கள் போனில் 80%லேயே சார்ஜை நிறுத்தும் வசதி இருந்தால் ஆன் பண்ணி வையுங்கள். விடிய விடிய தலையணைக்கு அடியில் சார்ஜ் போடும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

இயர்பட்ஸ், பவர்பேங்க்

இயர்பட்ஸில் ஒரு பக்கம் மட்டும் சீக்கிரம் தீர்ந்தால் முதலில் கேஸைத் திறந்து பாருங்கள். காதழுக்கு படிந்து உலோகப் புள்ளிகள் சரியாகத் தொடாமல், அந்தப் பக்கம் சார்ஜே ஏறியிருக்காது. உலர்ந்த காட்டன் பட்ஸால் துடைத்தாலே பல நேரம் சரியாகிவிடும்.

'10,000 எம்.ஏ.எச் பவர்பேங்க், 5,000 எம்.ஏ.எச் போனுக்கு ரெண்டு தடவை ஏறணுமே' என்பது இன்னொரு புலம்பல். அந்த 10,000 என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட் கணக்கு. வெளியே வரும் 5 வோல்ட்டுக்கு மாற்றினால் 7,400. சூடாகிப் போகும் இழப்பையும் கழித்தால் ஆறாயிரத்துச் சொச்சம். பவர்பேங்க்கின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'ரேட்டட் கெபாசிட்டி' என்று இதையே போட்டிருப்பார்கள்.

வீங்கினால் விளையாடாதீங்க

ஸ்கிரீன் ஓரம் தூக்கிக்கொண்டிருக்கிறதா? மேஜையில் வைத்தால் போன் ஆடுகிறதா? பேட்டரி உள்ளே வாயு சேர்ந்து உப்பியிருக்கலாம். உடனே சார்ஜ் போடுவதை நிறுத்தி, போனை ஆஃப் பண்ணுங்கள். அமுக்கக் கூடாது, ஊசியால் குத்தி 'காத்தை எடுக்க' முயற்சி செய்யவே கூடாது. தீப்பிடிக்கும். மெத்தை, துணி, பேப்பர் பக்கத்தில் வைக்காமல் தரையில் தனியாக வைத்து, கூடிய சீக்கிரம் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள்.

பேட்டரி மாத்தப் போறீங்களா?

முதலில் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சென்டரில் விலை கேளுங்கள். நினைத்ததைவிடக் குறைவாக இருக்கும், அதுவும் புது போன் விலையோடு ஒப்பிட்டால். வெளிக்கடை என்றால் பேட்டரியை வாங்கிப் பாருங்கள்: பி.ஐ.எஸ் முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். தயாரித்த தேதி இருந்தால் அதையும் பாருங்கள். பெட்டியிலேயே மூணு வருடம் தூங்கிய பேட்டரியும் பழசுதான். 'அதே சைஸ், ஆனா ஒரிஜினலைவிட டபுள் எம்.ஏ.எச்' என்றால் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

கொடுப்பதற்கு முன் போட்டோ, வாட்ஸ்அப் எல்லாம் பேக்கப் எடுத்துவிடுங்கள். ஒருமுறை திறந்த போனில் தண்ணீர் புகாத சீல் பழையபடி இருக்கும் என்று நம்ப முடியாது, அதனால் அப்புறம் மழையில் கொஞ்சம் ஜாக்கிரதை. பழைய பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள், குப்பை வண்டியில் நசுங்கினாலே தீப்பற்றும். பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை 2022-ல் வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளர்கள் மீதுதான் வைத்திருக்கின்றன. சர்வீஸ் சென்டரில் 'நீங்களே எடுத்துக்கோங்க' என்று கொடுத்துவிட்டு வரலாம். வீட்டில் கொஞ்ச நாள் வைக்க வேண்டியிருந்தால், அதன் முனைகளில் செலோடேப் ஒட்டி வையுங்கள்.