அடையாற்று அன்னை

ஹௌராவிலிருந்து சென்னை சென்ட்ரல் ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர் தொலைவு. இந்நெடுவழியில் செல்வோருள் மருத்துவம் நாடிச் செல்லும் வங்காள மக்கள் பலர். ரயில்வே முன்பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் நான், புற்றுநோயாளருக்குரிய கட்டணச் சலுகைப் படிவங்களைச் சரிபார்ப்பதுண்டு. அவற்றுள் ஒன்றில் அடையாறு புற்றுநோய் நிலையத்தின் பெயரைக் காணுந்தோறும் என் கை சற்றே தாமதிக்கும். ஒரு தமிழ்த் தாய் எழுப்பிய இல்லத்தை நாடி வங்கத் தாய்மார் செல்கின்றனர் அன்றோ! அத்தாயின் வரலாற்றை, இங்கேயே பிறந்து வளரும் நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும் என்னும் ஆவலே இக்கட்டுரைக்குக் காரணம். பத்தாம் வகுப்போடு கல்வியை நிறுத்தியவன் நான். குற்றம் இருப்பின் பெரியோர் பொறுத்தருள்க.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் புதுக்கோட்டையில் தோன்றினார். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்வியாளர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். அந்நாளில் அப்பிறப்பு ஒன்றே ஒரு பெண்ணின் வாழ்வை அடைத்துவிடப் போதுமானது. பெண்ணுக்குப் பள்ளியே அரிதாயிருந்த காலத்தில், தந்தையார் மகளை வீட்டிலேயே பயிற்றி மெட்ரிகுலேஷன் தேர்வுக்கு ஆயத்தம் செய்தார். பின்னர் மன்னர் கல்லூரியில் இடம் கேட்டபோது எதிர்ப்பு மூண்டது. எனினும் புதுக்கோட்டை மன்னர் இடமளித்தார். ஆடவர் நடுவே ஒரே பெண்ணாக அமர்ந்து கற்ற அம்மையார், 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்கவேண்டும், தம் விருப்பத்திற்குக் குறுக்கே நிற்றல் கூடாது என்பதே மணத்திற்கு அவர் விதித்த நிபந்தனை. கணவரும் அதற்கு இசைந்தார். இராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி என்னும் இரு மைந்தர்க்கு அவர் தாயானார்.

1926-இல் சென்னைச் சட்டமன்றத்திற்கு அம்மையார் நியமிக்கப்பெற்றார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்றம் ஒன்றில் அமர்ந்த முதற்பெண்மணி அவரே. விரைவில் மன்றத்தின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். கோயில்களுக்குச் சிறுமியரைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க அவர் அங்கே ஓயாது வாதாடினார். தம் தாய் பிறந்த மரபின் துயரத்தையே அவர் அவையேற்றினார் என்பதை நாம் மறத்தலாகாது. 1930-இல் காந்தியடிகள் சிறைப்பட்டபோது அப்பதவியைத் துறந்தார். அவர் தொடங்கிய போராட்டம் 1947-இல்தான் முழுமையான தடைச் சட்டமாகக் கனிந்தது.

1930-ஆம் ஆண்டில் தேவதாசிக் குடும்பங்களைச் சேர்ந்த இளம்பெண்கள் சிலர் அடைக்கலம் தேடி வந்தனர். நகரத்து விடுதிகள் அவர்களை ஏற்க மறுத்தன. அம்மையார் தம் சொந்த வீட்டின் கதவையே திறந்துவிட்டார். அவ்வாறு பிறந்ததே ஔவை இல்லம். இரு பிள்ளைகளின் தாய், அன்றுமுதல் எண்ணற்ற பெண்மக்களுக்கும் தாயானார்.

அம்மையாரின் தங்கை ஒருவர் புற்றுநோயால் மாண்டார். மருத்துவராகிய அக்காள் அருகிருந்தும் காக்க இயலவில்லை. அத்துயரைக் கண்ணீரோடு கழித்துவிடாமல் அவர் பணியாக மாற்றினார். 1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டுமென்று எடுத்துரைத்தார். எப்படியும் மாளும் நோயாளருக்கு மருத்துவமனை எதற்கு என்று கருதியோரே அக்காலத்தில் மிகுதி. அவர் தளராது நிதி திரட்டினார். 1952-இல் பண்டித நேரு அடிக்கல் நாட்ட, 1954-இல் 12 படுக்கைகளோடு அடையாற்றில் நிலையம் திறக்கப்பட்டது. மைந்தர் கிருஷ்ணமூர்த்தியும், டாக்டர் சாந்தாவும் அங்கே தொடக்கத்திலிருந்து மருத்துவப் பணியைத் தாங்கினர். அன்னை விதைத்ததை மகன் வளர்த்தார். 2021-இல் மறையும்வரை சாந்தா அம்மையார் காத்தார்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். வங்காளமும் இத்துறையில் பின்தங்கவில்லை. தேசபந்து சித்தரஞ்சன் தாசின் இல்லத்தில் தோன்றிய சேவா சதனத்தின் வழியே, 1950-இல் நம் கொல்கத்தாவிலும் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. இரு கரையிலும் ஒரே காலத்தில் ஒரே இரக்கம் பிறந்திருக்கிறது.

1956-இல் பத்மபூஷண் பெற்ற அம்மையார், 1968-ஆம் ஆண்டு ஜூலை 22-இல் இயற்கை எய்தினார். தமிழக அரசின் மகப்பேறு உதவித் திட்டம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இவ்வரலாறு எனக்கு வெறும் ஏட்டுச் செய்தியன்று. சென்ற ஆண்டு எங்கள் அண்டை வீட்டு வங்காள மூதாட்டி சிகிச்சைக்காகச் சென்னை புறப்பட்டார். தமிழில் ஒரு சொல்லும் அவர் அறியார். என் இல்லாள் நான்கு மாலைப் பொழுதுகள் அவரோடு அமர்ந்து, வலி, மருந்து, தண்ணீர், பசிக்கிறது என்னும் சொற்களை வங்க எழுத்தில் எழுதிக் கொடுத்துப் பழக்கினாள். அந்நாள்களில் இரவு உணவு தாமதித்ததற்காக நான் முகம் சுளித்தேன். இரண்டு திங்கள் கழித்துத் திரும்பிய மூதாட்டி, மடித்து மடித்துக் கிழிந்துபோன அத்தாளை எடுத்துக் காட்டி, 'இதுதான் அங்கே எனக்குத் துணை' என்றார். நான் தலைகுனிந்தேன். சுந்தர ரெட்டி கொடுத்த வாக்கின் அருமை அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

பிள்ளைகளைப் பேணுவதும் பிறர்க்குதவுவதும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. அத்தகைய தாயைக் கண்டு வளரும் பிள்ளை அவ்வழியே நிற்கும் என்பதற்கு அடையாறே சான்று. சென்னை செல்லும் நோயாளருக்கு நாலு தமிழ்ச் சொல் கற்பிக்கவும், படிவம் நிரப்பித் தரவும் நம் சங்கத்துத் தாய்மார் சிலர் முன்வரின், அதுவே அவ்வன்னைக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலியாகும். ஆடவராகிய நாம் செய்யவேண்டியது எளிது. அன்றைய இரவு உணவை நாமே எடுத்துப் போட்டுக்கொண்டால் போதும்.

வாழ்க தாய்க்குலம்! வளர்க நம் சங்கம்!